சுகந்தி சிரிக்கும் இடங்கள்

இளமாறன் தன் வாழ்நாளில் முழுசாகப் படித்த முதல் நாவல், டாக்டர் சொல்லிப் படித்த நாவல். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. திருவெறும்பூர்ப் பக்கம் கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் சோதனைப் பிரிவுக்குத் தலைவர். வேலையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர், கதைப் புத்தகத்தைக் கண்டால் மட்டும் இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவார். கல்யாணமான புதிதில் சுகந்தி ஆசையாக ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். காலையில் அது அவர் முகத்தின்மேல் கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பிறகு அவள் கொடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை.

சுகந்திக்குக் கொரடாச்சேரி ரங்கன் என்றால் உயிர். ரங்கன் எழுதியதெல்லாம் வேற்றுக்கிரகக் கதைகள், அத்தனையும் நகைச்சுவை. அவர் காலமாகி வெகுநாள் ஆகிவிட்டது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து காபியைக் குடித்துவிட்டு, உள் அறைக் கட்டிலில் சாய்ந்து ரங்கனைப் பிரித்தால் சற்று நேரத்தில் அங்கிருந்து ஒரு சிரிப்பு வரும். முதலில் மூக்கால் ஒரு சத்தம், பிறகு அடக்கப் பார்த்து அடங்காமல் வெடிப்பது. கூடத்தில் செய்தி கேட்டுக்கொண்டிருக்கும் இளமாறன் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைப்பார். அந்தச் சிரிப்போடு அவருக்கிருந்த உறவு அவ்வளவுதான். எதற்குச் சிரிக்கிறாய் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கேட்கக் கூடாதென்று இல்லை, தோன்றவில்லை.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த சுகந்தி, மழைக்காலம் முடிவதற்குள் எழுந்து நடந்தாள். கை வந்தது, பேச்சு வந்தது, ரசத்தில் உப்பு குறைச்சல் என்று குறை சொல்லும் தெம்பும் வந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை. யாராவது வேடிக்கையாகப் பேசினால் அவளுக்குப் புரிந்தது. "இது ஜோக். இந்த இடத்துல சிரிக்கணும்" என்று நிதானமாகச் சொல்வாள், கணக்குக்கு விடை சொல்கிற மாதிரி. முகம் அசையாது. ரங்கனை எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்புவாள். பிறகு மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள்.

வீடு அமைதியாகிவிட்டது. டிவியின் சத்தத்தைக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அப்போதுதான் இளமாறனுக்குப் பயம் வந்தது. ஆஸ்பத்திரியில், அவள் வாய் கோணிக் கிடந்தபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை.

மூளை நரம்பு டாக்டர் தன்விகா சின்னப் பெண். எதையும் ஊர் பாஷையில் சொல்லத் தெரிந்தவர்.

"மூளையில சிரிப்புக்குன்னு ஒரு வழி இருக்கு சார். நடுவுல பாலம் இடிஞ்சிருக்கு. இந்தக் கரையும் நல்லா இருக்கு, அந்தக் கரையும் நல்லா இருக்கு, போக்குவரத்து மட்டும் இல்ல. அதனாலதான் ஜோக் புரியுது, சிரிப்பு வரமாட்டேங்குது."

"பாலத்தைக் கட்ட முடியாதா டாக்டர்?"

"கட்ட முடியாது. பரிசல் விடலாம். அரிசி அளவுல ஒரு சில்லு இருக்கு, எலக்ட்ரானிக் சிப். அதை மூளையில வெச்சுடுவோம். அவங்க காதுல விழுறதையும் கண்ணு படிக்கிறதையும் அது கவனிக்கும். எங்க சிரிப்பாங்களோ அங்க லேசா தூண்டிவிடும். ஆறு மாசம் இப்படிப் போயிட்டு வந்தா மூளையே ஒரு வழி போட்டுக்கும். அப்புறம் சில்லை நிறுத்திடுவோம். போட்ட வழி நிக்கும்."

"எங்க சிரிப்பாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் நீங்க வேணும்" என்றார் தன்விகா. "அவங்க எதைப் பாத்து, எதைப் படிச்சு நல்லா சிரிப்பாங்களோ அதை எடுத்துக்குவோம். இந்த இடத்துல சிரிப்பாங்க, இந்த இடத்துல மாட்டாங்கன்னு கூடவே வாழ்ந்த ஒருத்தர் அடையாளம் காட்டணும். அதுலேருந்து அவங்க ரசனையை அது கத்துக்கும். அப்புறம் எந்தப் பேச்சுலயும் அந்த ரசனைப்படிதான் தூண்டும்."

"அவளையே கேக்கக் கூடாதா?"

"கேட்டுப் பாத்தோம். எல்லாம் ஞாபகம் இருக்கு, சிரிச்ச இடம் மட்டும் நினைவில்லைங்கறாங்க. சிரிப்பும் வலி மாதிரிதான் சார், நினைவு வெச்சுக்க முடியாது. சில பேர் பழைய வீடியோ கொண்டுவருவாங்க. ஆனா கல்யாண வீட்டு வீடியோவுல எல்லாரும் கேமராவுக்காகச் சிரிக்கிறாங்க. அது உதவாது."

இளமாறன் ரங்கனைப் பற்றிச் சொன்னார். தன்விகாவுக்கு முகம் மலர்ந்தது. புத்தகம்தான் எல்லாவற்றையும்விட நல்லது, ஏனென்றால் தனியாகப் படிக்கும்போது யாரும் பொய்யாகச் சிரிக்க மாட்டார்கள் என்றார். பிறகு சாதாரணமாக, பேனாவை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"அவங்க எங்கெங்க சிரிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே சார்?"

"முப்பது வருஷமா கூட இருக்கேன். தெரியாம என்ன?" என்றார் இளமாறன்.

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் ஒரு சின்னப் பெண் எதிரில் உட்கார்ந்து, உன் பெண்டாட்டியை உனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்று எந்தப் புருஷன் சொல்லுவான்? தெரிந்த ஒருத்தர் இருந்தார். ரெஜினா டீச்சர், சுகந்தியோடு ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர். இரண்டு பேருக்கும் ரங்கன் பைத்தியம். சனிக்கிழமை தவறாமல் போனில் ரங்கனைப் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். இப்போது கால் எலும்பு முறிந்து நாகர்கோவிலில் மகன் வீட்டில் இருந்தார். ஒரு போன் போட்டிருக்கலாம். இளமாறன் இரண்டு தடவை எண்ணைத் தேடி எடுத்தார். புருஷனுக்குத் தெரியாதது சிநேகிதிக்குத் தெரியுமா என்கிற எண்ணம் வந்து கையைத் தடுத்தது. படித்துப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது, எது வேடிக்கை என்று தெரியாதா என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தார்.

புத்தகத்தின் பெயர் 'டைட்டன் குடியிருப்போர் நலச் சங்கம்'. சனிக்கிரகத்துத் துணைக்கோள் ஒன்றில், மீத்தேன் மழை கொட்டுகிற ஊரில், ஓய்வுபெற்ற தமிழர்கள் சேர்ந்து அடுக்குமாடி வீடு கட்டிக்கொண்டு, சங்கம் வைத்து, அன்றாடம் சண்டை போடுகிறார்கள். செயலாளர் வேதாசலம். வாட்ச்மேன் செல்லையா. சமையலுக்குப் பாக்கியம் என்றொரு ரோபோ. முதல் நாள் இளமாறன் நான்கு பக்கம் படித்தார், தூங்கவில்லை. அதுவே அவருக்கு ஆச்சரியம். இரண்டாம் நாள், வேற்றுக்கிரகத் தளபதி ஒருவன் எழுநூறு கப்பல்களோடு வந்து வாசலில் இறங்கினான்.

"யாரைப் பார்க்கணும்?" என்று செல்லையா கேட்கிறான்.

"இந்தக் கோளை அழிக்க வந்திருக்கிறோம்."

"அது சரி. எந்த பிளாக்?"

இளமாறனுக்குத் தொண்டையில் டீ ஏறிவிட்டது. இருமி, கண்ணைத் துடைத்து, அந்த வரியை மறுபடி படித்தார், மறுபடி சிரித்தார். உள்ளே படுத்திருந்த சுகந்தி எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். "என்னாச்சு?" என்றாள். அவரால் வாட்ச்மேன் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. "ஆமா, அது நல்ல இடம்" என்று அசையாத முகத்தோடு சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. மூன்று தலையுள்ள ஒருவன் குடிவருகிறான். அவனுக்குத் தண்ணீர் வரி ஒரு ஆள் கணக்கா மூன்று ஆள் கணக்கா என்று சங்கம் கூடி விவாதிக்கிறது. மூன்று தலையும் மூன்று கட்சி. இளமாறன் தொழிற்சாலை கேன்டீனில் இதைச் சொல்லிக் காட்டினார். அதுவரை அவர் கதை சொல்லி யாரும் கேட்டதில்லை. பஸ்ஸில் படித்தார், குளிக்கப் போகும் முன் படித்தார். படிக்கப் படிக்க ஒரு பக்கம் சந்தோஷமும் ஒரு பக்கம் வயிற்றெரிச்சலும். இவ்வளவு நல்ல விருந்து பக்கத்து அறையில் தினமும் நடந்திருக்கிறது, நான் வெளியே உட்கார்ந்து செய்தி கேட்டிருக்கிறேனே என்று இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறையொன்றில் உட்கார வைத்தார்கள். அவர் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும், சுகந்தி சிரிக்கும் இடம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் பக்கங்களில் இளமாறன் உண்மையிலேயே யோசித்தார். இங்கே சிரிப்பாளா? அந்த மூக்குச் சத்தம் இங்கே வருமா? கண்ணை மூடிக்கொண்டு பழைய சாயங்காலங்களைக் கேட்டுப் பார்த்தார். சிரிப்பு கேட்டது, ஆனால் அது எந்தப் பக்கத்துச் சிரிப்பு என்று சுவர் சொல்லவில்லை. போகப் போகக் கட்டைவிரல் தானாக அழுத்தத் தொடங்கியது. அவருக்குச் சிரிப்பு வந்த இடத்திலெல்லாம் அழுத்தியது. பாக்கியத்தைப் பழைய இரும்புக்குப் போட வண்டி வருகிற இடத்தில், அந்த ரோபோ படியிறங்கிக்கொண்டே, "தயிர் இரண்டாவது தட்டில் இருக்கிறது. நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகும். அங்கே நன்றாக அழுத்தினார்.

சில்லு வைத்துச் சில நாளில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் படித்துக் காட்ட, எந்த பிளாக் என்கிற வரியில் சுகந்தி சிரித்தாள். மூக்கால் ஒரு சத்தம், பிறகு வெடித்தது. அதே சிரிப்பு. நர்ஸ் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இளமாறன் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, ஐம்பத்தெட்டு வயது அதிகாரி என்பதை மறந்து, அழுதார்.

அதற்குப் பின் வந்த மாதங்களைப் போல அவர் வாழ்க்கையில் முன்பு எப்போதும் இருந்ததில்லை. சாயங்காலம் வந்ததும் டிவியைத் தொடமாட்டார். உள் அறைக் கட்டிலில் இரண்டு பேரும் சாய்ந்துகொள்வார்கள், அவர் படிப்பார். இருவரும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள். ஒரு வரி முன்னே பின்னே இல்லை. இவர் வாயைத் திறப்பதற்குள் அவள் சிரிப்பு வந்து நிற்கும். வெளியிலும் அப்படித்தான். கேன்டீன் ஜோக்கைக் கொண்டுவந்து சொன்னால் விழுந்து விழுந்து சிரித்தாள். முன்பெல்லாம் அவர் ஜோக் சொன்னால், "ம், அப்புறம்?" என்று கேட்டவள் அவள். இவ்வளவு பொருத்தம் நமக்குள் இருந்திருக்கிறதே, தெரியாமல் காலத்தைக் கழித்துவிட்டோமே என்று இளமாறன் நெகிழ்ந்துபோனார். வெல்டிங்கில் எந்தக் குழாயாவது இத்தனை வழவழப்பாக வந்தால் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். இது வீடு, சந்தேகம் வரவில்லை.

ரெஜினா டீச்சர் கால் சரியாகி, ஊன்றுகோலோடு வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை மத்தியானம். வந்ததும் வராததுமாக இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "சிரிடி, பாக்கலாம்" என்றார் டீச்சர். சாப்பாடு முடிந்ததும் பழைய வழக்கப்படி புத்தகம் வெளியே வந்தது. டீச்சர் படித்தார். இளமாறனும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், இப்போது அவரும் கட்சியில் சேர்ந்தவர் ஆயிற்றே. வாட்ச்மேன் வந்தான், மூன்று தலைக்காரன் வந்தான். சுகந்தி சிரித்தாள். டீச்சரும் சிரித்தார், ஆனால் நடுநடுவே புத்தகத்துக்கு மேலாகச் சுகந்தியைப் பார்த்துக்கொண்டார்.

பாக்கியம் படியிறங்கியது. தயிர் இரண்டாவது தட்டில் இருக்கிறது என்றது. சுகந்தி வெடித்துச் சிரித்தாள். டீச்சர் படிப்பதை நிறுத்திவிட்டார். அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு, "கண்ணு வலிக்குதுடி, மிச்சத்தை அப்புறம் பாப்போம்" என்று புத்தகத்தை மூடினார்.

ஆட்டோ ஏற்றிவிட இளமாறன் கூடப் போனார். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடுகிற ஆட்டோ ஒன்று வந்து நின்று கதவைத் திறந்தது. டீச்சர் ஏறவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அந்த ரோபோ போற இடத்துல அவ எப்பவும் சிரிச்சதில்ல. ஒரு தடவைகூட. அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு என்கிட்ட கொஞ்ச நேரம் பேசாம இருப்பா."

"ஏன்?"

"அவங்க அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறப்ப கடைசியா என்ன சொன்னாங்க?"

இளமாறனுக்குத் தெரியும். அன்றைக்கு அவரும் அந்த வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரில் போகிற மாமியார் தலையைத் தூக்கி, மாவு பொங்கியிருக்கும், எடுத்து உள்ள வைம்மா என்று சுகந்தியிடம் சொன்னார். பிறகு வெளியே வரவில்லை. இத்தனையும் தெரியும். பொத்தானை அழுத்தியபோது ஒன்றும் தெரியவில்லை.

"மத்த இடமும் அப்படித்தான்ணா. எனக்குச் சிரிப்பு வர்ற இடம், உங்களுக்கு வர்ற இடம்... அவளோட இடமே வேற. ஜோக்குக்கு அவ பெரிசா சிரிக்கமாட்டா. ஜோக் முடிஞ்சு ரெண்டு வரி தள்ளி, ஒண்ணுமில்லாத இடத்துல சிரிப்பா. ஏன்டின்னு கேட்டா சொல்லத் தெரியாது. அதுக்காகவே நான் அவகூடப் படிப்பேன்." டீச்சர் ஊன்றுகோலை ஆட்டோவுக்குள் வைத்தார். "இன்னைக்கு அவ உங்களை மாதிரி சிரிச்சா."

தன்விகா கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத்தான் இளமாறன் ஆஸ்பத்திரிக்குப் போனார். தன்விகா கோபப்படவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடிவைத்தார்.

"தெரியும்னு சொன்னீங்களே சார்."

"சொன்னேன்."

"எல்லாரும் சொல்றாங்க. புருஷன், பொண்டாட்டி, பெத்த பிள்ளைங்க. இதுவரைக்கும் நூத்துக்கணக்கான பேருக்கு வெச்சிருக்கோம். தெரியாதுன்னு ஒருத்தர்கூட சொன்னதில்ல." தன் குரல் தனக்கே பிடிக்காதவர்போல நிறுத்தினார். "இப்ப நினைச்சா பயமா இருக்கு. யார் யார் யாரோட சிரிப்பைச் சிரிச்சுட்டு இருக்காங்களோ. கேள்வியை நான் வேற மாதிரி கேட்டிருக்கணும்."

"மாத்திட முடியுமா?"

"புதுசா கத்துக்கொடுக்க முடியாது. ஒரு தடவைதான். ஆறாவது மாசம் முடியறதுக்குள்ள நிறுத்தினா, பாதி போட்ட வழி புல்லு மண்டி அழிஞ்சிடும். அப்புறம் அவங்களா எதுக்காவது சிரிக்கலாம். சிரிக்காமலே போனாலும் போகலாம். பெரும்பாலும் அப்படித்தான் ஆகும், நான் பொய் சொல்லமாட்டேன். நிறுத்தலைன்னா இந்தச் சிரிப்பு நிலைச்சிடும். ஆயுசுக்கும்." பிறகு சொன்னார்: "முடிவு பண்ண வேண்டியது நீங்க இல்ல, நானும் இல்ல. அவங்ககிட்ட சொல்லுங்க."

சொல்வதா, விட்டுவிடுவதா? வீட்டுக்கு நடந்தே வந்தார். யோசிக்க யோசிக்க விட்டுவிடுவதற்கான நியாயங்கள் வரிசையாக வந்தன. அவள் சந்தோஷமாகத்தானே இருக்கிறாள்? சிரிப்பில் உன் சிரிப்பு, என் சிரிப்பு என்று என்ன இருக்கிறது? குடும்பத்தில் ஒருத்தர் ருசி இன்னொருத்தருக்கு ஒட்டிக்கொள்வது உலக வழக்கம்தானே? சுகந்தி சர்க்கரை இல்லாமல் போட்டுக் கொடுத்துத்தானே அவரும் டீயில் சர்க்கரையை நிறுத்தினார்? எல்லா நியாயமும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் உள் அறையில் ஆளில்லாமல் தன் குரலே தனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது என்று நினைத்தபோது நடுரோட்டில் நின்றுவிட்டார். சுகந்தி திரும்பி வந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் இன்னும் வரவே இல்லை.

அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இளமாறனும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கொத்தை எடுத்து ஆய்ந்தார். பிறகு ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். கண்ணாடி அறை, பொத்தான், ரெஜினா டீச்சர் சொன்னது, டாக்டர் சொன்னது, எல்லாம். சுகந்தி கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"டீச்சர் சொன்னாங்களா?"

"யாரும் சொல்ல வேணாம். எனக்குத் தெரியாதா? சிரிப்பு முன்னாடி வந்து நிக்குது, விஷயம் அப்புறமா வருது. யாரோ பின்னாடிலேருந்து முதுகுல தட்டிவிடற மாதிரி. மொத நாளே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

சுகந்தி காம்புகளை ஒதுக்கி வைத்தாள்.

"நீங்க மொத தடவையா புக்கை எடுத்துட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தீங்க. நான் சிரிக்க சிரிக்க உங்க முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? இது என் சிரிப்பு இல்லைன்னு சொன்னா எழுந்து நியூஸ் பாக்கப் போயிடுவீங்களோன்னு பயம்."

இளமாறனுக்குக் கண் கலங்கி, கீரை பச்சையாக ஒரே குழம்பலாகத் தெரிந்தது.

"மத்ததெல்லாம்கூடப் பரவாயில்லங்க. பழகிடுச்சு. அந்தப் பாக்கியம் போற இடம்தான். வாய் பாட்டுக்கு சிரிக்குது. உள்ள நான் அம்மாவைப் பாத்துக்கிட்டு வராந்தாவுல நிக்கிறேன். நிறுத்தணும்னு நினைக்கிறேன், வாய் நிக்கமாட்டேங்குது." அவள் கை முதல்முறையாக நின்றது. "அதை மட்டும் என்னால தாங்க முடியல."

"நிறுத்திடலாம்" என்றார் இளமாறன். "நீ சரின்னா நாளைக்கே போயிடலாம். ஆனா டாக்டர் சொல்றாங்க, அப்புறம் சிரிப்பே..."

"சொன்னீங்களே. கேட்டுச்சு." முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "சிரிக்காம இருந்தா நீங்க படிப்பீங்களா?"

"படிப்பேன்" என்றார்.

சொல்வது சுலபம். சிரிக்காத ஒருத்திக்கு நகைச்சுவை நாவலைப் படித்துக் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று சில்லை நிறுத்திய முதல் வாரத்திலேயே தெரிந்தது. வேடிக்கையான இடம் வரும்போது அவர் குரல் தானாக நிமிரும். பக்கத்தில் ஒன்றும் நடக்காது. காலியான வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி இருக்கும். சில நாள் அவரும் சிரிக்காமல் படித்துப் பார்த்தார். "நீங்க ஏன் சும்மா இருக்கீங்க? உங்களுக்குச் சிரிப்பு வந்தா சிரிங்க" என்றாள் சுகந்தி. அவர் சிரித்தார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்பு கூடத்தில் உட்கார்ந்து அவர் அவள் சிரிப்பைக் கேட்டது போல இல்லை. திரும்பி, முகத்தைப் பார்த்து, ஓ, இங்கே இவருக்குச் சிரிப்பு வருமா என்று தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டாள். அந்தப் பார்வைக்கு முன்னால் இளமாறன் பலமுறை கூசிப்போனார்.

ரங்கனின் புத்தகங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. தன்விகா மாதம் ஒருமுறை பார்த்து, "ஏதாவது?" என்பார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வருவார்கள். ரெஜினா டீச்சர் சனிக்கிழமை போன் செய்தார். பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். கோடை வந்து போயிற்று. சுகந்திக்கு இனிமேல் வராது என்று இளமாறன் உள்ளுக்குள் ஒப்புக்கொண்டுவிட்டார். ஒப்புக்கொண்ட பிறகும் சாயங்காலம் ஆனால் புத்தகத்தை எடுத்தார். வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை, அதோடு, ரங்கன் இப்போது அவருக்கும் எழுத்தாளர்.

எல்லாம் முடிந்து மறுபடி 'டைட்டன் குடியிருப்போர் நலச் சங்க'த்துக்கு வந்திருந்தார்கள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. தளபதி சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டுப் போய்விட்டான், அந்த அமர்க்களமெல்லாம் ஓய்ந்து அடுத்த அத்தியாயம் தொடங்குகிறது. வேடிக்கை எதுவும் இல்லாத பக்கம். இளமாறன் அதைக் கொஞ்சம் அசிரத்தையாகவே படித்தார்.

"மறுநாளும் மழை பெய்தது. செயலாளர் வேதாசலம் விளக்கைப் போட்டார். கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள்."

மூக்கால் ஒரு சத்தம் கேட்டது.

இளமாறன் திரும்பினார். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, வெடித்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி, நிமிர்ந்து, அவரைப் பார்த்து மறுபடி ஆரம்பித்தாள்.

அவர் அந்த வரியைப் பார்த்தார். கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். முந்தின பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். விரிசல் தேடுகிற கண்ணோடு எழுத்தெழுத்தாகப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒன்பது பேர், அவ்வளவுதான்.

"இதுல என்ன இருக்கு?"

"தெரியலங்க" என்றாள் சுகந்தி. "ஒன்பது பேர். வந்துட்டாங்க பாருங்க." அதற்குமேல் பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினாள்.

இளமாறனுக்குச் சிரிப்பு வரவில்லை. சுத்தமாக வரவில்லை. வராதது அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவள் தனியாகச் சிரிக்கிறாளே என்று துணைக்கு வாயைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தார்.

"நீங்க சிரிக்க வேணாம்" என்றாள் சுகந்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "படிங்க."

அவர் படித்தார்.